எவ்வளவு தாங்கும், எப்படி உடையும்

மக்களே, இந்த முறை கொஞ்சம் கான்கிரீட். போன பதிவில் பஸ் பாஸ், அதற்கு முந்தின பதிவில் இட்லி மாவு என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று கம்பி, சிமெண்ட் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் ஓடிவிடுவீர்கள் என்று தெரியும். ஆனால் ஆறு மாதமாக என் தலையில் ஓடுவது இது ஒன்றுதான். கணக்கு வரும். பெருக்கல், வகுத்தலுக்கு மேல் போகாது. சிவில் நண்பர்கள் 'இதெல்லாம் தெரியாதா' என்று பாதியில் எழுந்து போய்விடாமல் கடைசி வரை வரவும்.

எங்கள் இறுதியாண்டு புராஜக்ட்டின் தலைப்பு, அதிவலிமைக் கான்கிரீட் பீம்களின் வளைவு வலிமையைக் கணித்தல். புரிகிற மாதிரி சொன்னால், வீட்டில் போடுகிற கான்கிரீட்டை விட நாலு மடங்கு கெட்டியான கான்கிரீட்டில் ஓர் உத்திரம் செய்து, அது எத்தனை டன்னில் உடையும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்புறம் உடைத்துப் பார்க்க வேண்டும். (பொருளை உடைத்தால் மார்க் கொடுக்கிற டிபார்ட்மென்ட் எங்களுடையதுதான் :-))

முதலில் எம்80 என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

150 மி.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் வைத்து நசுக்குவார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கினால் எம்20. சாதாரண வீட்டுக் கட்டுமானத்தில் எழுதப்படுவது இதுதான். 80 தாங்கினால் எம்80. அந்தச் சின்னக் கட்டி 1800 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், அதாவது 180 டன்னுக்கு மேல். எங்கள் லேப் மெஷினின் மொத்தக் கொள்ளளவே 2000 கிலோநியூட்டன். கட்டி உடைவதற்கு முன் மெஷின் உடைந்துவிடும் போலிருக்கே என்று பயந்துபோய் 100 மி.மீ. கட்டிகளுக்கு மாறினோம். அதற்கு 800 போதும். உடைகிறபோது வெடிச்சத்தம் கேட்கும். லேப் அண்ணன் கம்பிவலைக் கதவைச் சாத்தாமல் ஒரு கட்டியைக்கூட ஏற்ற விடமாட்டார்.

இவ்வளவு வலிமை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தண்ணீரைக் குறைப்பதிலிருந்து. கான்கிரீட்டில் சிமெண்டின் வேதிவினைக்குத் தேவைப்படாத தண்ணீர் பின்னால் காய்ந்து போய் வெறும் துளையாக நிற்கும். தண்ணீரைக் குறைத்தால் கலவை களிமண் மாதிரி இறுகிப்போகும், அதை ஓட வைக்க சூப்பர் பிளாஸ்டிசைசர் என்கிற திரவம் ஊற்றுகிறோம். கூடவே சிலிகா ஃபியூம் என்கிற சாம்பல் நிறப் பொடி. சிமெண்டை விட மிக நுண்ணியது. ஜல்லிக்கும் சிமெண்ட் பசைக்கும் நடுவில் இருக்கும் பலவீனமான எல்லையில் போய் அடைத்துக்கொள்ளும். சாதாரணக் கான்கிரீட் உடைந்தால் விரிசல் ஜல்லியைச் சுற்றிக்கொண்டு போகும். எம்80 உடைந்தால் விரிசல் ஜல்லியையே பிளந்துகொண்டு நேராகப் போகும். உடைந்த முகம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கு.

இப்படிப்பட்ட கான்கிரீட் பெரும்பாலும் போனது தூண்களுக்குத்தான். சிகாகோவில் 1970களில் கட்டிய வாட்டர் டவர் பிளேஸின் தூண்களில் 62 வரை போனார்கள். 1998ல் முடிந்த கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரங்களில் 80. தூணில் சுமையைப் பெரும்பாலும் சுமப்பது கான்கிரீட்தான், அதனால் வலிமை ஏற ஏறத் தூண் மெலியும், தரையில் இடம் மிச்சம். பீமில் கதை வேறு.

மூணு வரிக் கணக்கு

ஒரு பீமின் மேல் சுமை வைத்தால் அது தொட்டில் மாதிரி வளைகிறது. மேல் பாகம் அமுங்குகிறது, கீழ்ப் பாகம் இழுபடுகிறது. நடுவில் எங்கோ அமுக்கமும் இல்லாத, இழுவையும் இல்லாத ஒரு கோடு இருக்கும். அதுதான் நடுநிலைக் கோடு. கான்கிரீட்டுக்கு அமுக்கம் தாங்கத் தெரியும், இழுவை தாங்கத் தெரியாது. அதனால்தான் கீழே கம்பி. ஆக, மேலே கான்கிரீட் தள்ளுகிறது, கீழே கம்பி இழுக்கிறது, இரண்டும் சமம். கம்பியின் இழுவையை இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தால் பெருக்கினால் பீமின் வளைவு வலிமை. அவ்வளவுதான் சூத்திரம்.

எங்கள் பீம் 150 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம். மேல் விளிம்பிலிருந்து கம்பியின் மையம் 170 மி.மீ. ஆழத்தில். கீழே இரண்டு 12 மி.மீ. கம்பிகள். லேபில் இழுத்துப் பார்த்ததில் கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 540 நியூட்டனில் ஈல்டு ஆனது, அதாவது அதற்கு மேல் சுமை ஏறாமலே நீள ஆரம்பித்தது. இரண்டு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 122 கிலோநியூட்டன்.

இந்த 122ஐச் சமாளிக்க மேலே எவ்வளவு ஆழத்துக்குக் கான்கிரீட் அமுங்க வேண்டும்? எம்20 என்றால் 75 மி.மீ. எம்80 என்றால் 19 மி.மீ. போதும். அதை வைத்து வலிமையைக் கணக்கிட்டால் எம்20 பீமுக்கு 16.9 கிலோநியூட்டன் மீட்டர், எம்80 பீமுக்கு 19.8.

திரும்பப் படியுங்கள். கான்கிரீட்டை நாலு மடங்கு வலிமையாக்கினால் பீமின் வலிமை 17 சதவீதம் கூடுகிறது. அவ்வளவேதான்.

முதல் ரிவ்யூவில் இதைப் போர்டில் எழுதியபோது பின் பெஞ்சிலிருந்து "அப்ப எதுக்குடா சிலிகா ஃபியூம் மூட்டையத் தூக்கிட்டு அலைஞ்ச?" என்று குரல் வந்தது. நியாயமான கேள்வி. இந்தப் பீமின் வலிமையைத் தீர்மானிப்பது கம்பி. கான்கிரீட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கம்பி 122க்கு மேல் இழுக்காது. கெட்டிக் கான்கிரீட்டால் நடக்கிற ஒரே நன்மை, அமுங்கும் பகுதி மேல் விளிம்புக்குப் பக்கத்தில் ஒதுங்கிவிடுவதால் இரண்டு விசைக்கும் இடையே தூரம் கொஞ்சம் கூடுகிறது.

இதைக் கணிப்பதில் நாட்டுக்கு நாடு சண்டை உண்டு. அமுங்கும் பகுதியில் அழுத்தம் எந்த வடிவத்தில் பரவியிருக்கிறது என்பதுதான் சண்டை. நம்ம ஐ.எஸ். 456, 2000 பதிப்பு, பரவளைவும் செவ்வகமும் ஒட்டிய வடிவம் போடுகிறது. அமெரிக்கர்கள் 1937ல் விட்னி சொன்ன நேரான செவ்வகப் பெட்டியை வைத்துக்கொண்டு, கான்கிரீட் வலிமை ஏற ஏறப் பெட்டியின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டு போகிறார்கள். ஐரோப்பிய விதிநூலின் 2004 பதிப்பு 50க்கு மேல் போனால் பெட்டியின் ஆழம், உயரம், கான்கிரீட் நொறுங்கும் அளவு மூன்றையுமே குறைக்கிறது. பாதுகாப்புக் காரணிகளை எடுத்துவிட்டு மூன்றிலும் எங்கள் பீமைப் போட்டுப் பார்த்தோம். மூன்றும் ஒரே பதில்: மெஷினில் 66 கிலோநியூட்டன் சுமை. ஏறக்குறைய ஆறே முக்கால் டன்.

கலிலியோவின் சுவர்

இந்த நடுநிலைக் கோட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1638ல், வீட்டுக்காவலில் இருந்த கிழவர் கலிலியோ, இரண்டு புதிய அறிவியல்கள் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். அதில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரக்கட்டையின் நுனியில் பாரம் தொங்குகிற படம் இருக்கும். அது எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி. கட்டை கீழ் விளிம்பைக் கீல் மாதிரி வைத்துக்கொண்டு, குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபட்டு உடைகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். உயரத்தின் வர்க்கத்தோடு வலிமை கூடும் என்பது சரியாக வந்துவிட்டது. ஆனால் நடுநிலைக் கோட்டை விளிம்பிலேயே வைத்ததால், மீள்தன்மைக் கணக்கு தரும் விடையைப் போல மூன்று மடங்கு வந்தது. 1713ல் பராங், 1773ல் கூலம் என்று ஆட்கள் வந்து கோட்டை உள்ளே நகர்த்தினார்கள். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதில்தான் அப்போதும் விஷயம், இப்போதும் விஷயம்.

சீட்டில் இரண்டு வரி

எங்கள் கைடு சாருக்கு ஒரு பழக்கம். பீமை மெஷினில் ஏற்றும் முன் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் கணிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதில் இரண்டு வரி. முதல் வரி, எவ்வளவு சுமையில் உடையும். இரண்டாவது வரி, எப்படி உடையும்.

"முதல் வரி கால்குலேட்டர் சொல்லிடும்பா. ரெண்டாவது வரிய நீதான் சொல்லணும்" என்பார்.

மூன்று பீம் வார்த்திருந்தோம். வெளியளவு ஒன்றுதான், கான்கிரீட்டும் அதே எம்80தான். கம்பி மட்டும் வேறு. கீழே இரண்டு 6 மி.மீ. கம்பி போட்டது ஒல்லி. இரண்டு 12 மி.மீ. போட்டது நடுவன். நாலு 20 மி.மீ. கம்பியை இரண்டு அடுக்காகத் திணித்தது குண்டு.

நடுவன் முதலில் ஏறினான். 20ஐத் தாண்டியதும் அடியில் மயிரிழை விரிசல். பென்சிலால் பக்கத்தில் கோடு போட்டு சுமையை எழுதிக்கொண்டே போனோம். 40ல் ஐந்தாறு விரிசல், 60ல் விரிசல்கள் மேலே ஏறி நிற்கின்றன. 66ஐத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சுமை ஏறுவது நின்றுவிட்டது, ஆனால் பீம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. கண்ணாலேயே பார்க்க முடிகிற வளைவு. விரிசலுக்குள் ஸ்கேல் நுழையும் போலிருந்தது. லேப் அண்ணன் டீ சொல்லிவிட்டு வந்தார், அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில்தான் மேல் விளிம்பு உரிந்தது. கணக்கை விடக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கியதற்கும் காரணம் உண்டு. கம்பி ஈல்டு ஆன பிறகு ரொம்ப நீண்டால் மறுபடி கொஞ்சம் இறுகும்.

எம்80 என்பது உடைகிறபோது வெடிக்கிற சரக்கு. அதில் செய்த பீம் எப்படி இவ்வளவு நிதானமாக இறங்கியது? விடை அந்த 19 மி.மீ.யில் இருக்கிறது. நடுநிலைக் கோடு மேலே ஒதுங்க ஒதுங்க, மேல் விளிம்பு நொறுங்கும் முன் கீழே கம்பி நீள வேண்டிய அளவு கூடுகிறது. எம்20 பீமில் கம்பி 0.4 சதவீதம் நீள்வதற்குள் மேலே நொறுங்கிவிடும். எம்80ல் அது 2 சதவீதத்துக்கும் மேல். முரட்டுக் கான்கிரீட், சாதுவான பீம். சிலிகா ஃபியூம் மூட்டையைத் தூக்கியதற்குக் கிடைத்த கூலி வலிமை அல்ல, இந்த அவகாசம்தான். பின் பெஞ்சுக்காரருக்கு இதுதான் என் பதில்.

அடுத்து குண்டு. இதில்தான் விதிநூல்கள் பிரிந்தன. அமெரிக்கப் பெட்டி 194 என்றது. ஐரோப்பியப் பெட்டி 196. ஐ.எஸ். 456ன் வடிவத்தை அப்படியே எம்80க்குப் போட்டால் 218. இரண்டு டன்னுக்கு மேல் வித்தியாசம், அதுவும் நம்முடையது ஆபத்தான பக்கத்தில். இதில் நூலின் மேல் குற்றம் சொல்ல முடியாது. 2000ல் வந்தபோதே, எம்55க்கு மேல் போனால் இந்த நூலின் வடிவமைப்பு அளவுகள் பொருந்தாமல் போகலாம், சிறப்பு நூல்களையும் சோதனைகளையும் பார்த்துக்கொள் என்று அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு போட்டிருந்தார்கள். காரணம் அந்த உடைந்த ஜல்லிதான். சாதாரணக் கான்கிரீட் உச்ச அழுத்தத்தைத் தொட்ட பிறகும் கொஞ்சம் தள்ளாடித் தாக்குப்பிடிக்கும், அதை நம்பித்தான் பரவளைவுக்குப் பின்னால் அந்தச் செவ்வகம் ஒட்டப்பட்டது. எம்80 உச்சத்துக்குக் கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஏறி, தொட்டதும் விழுந்துவிடும். நடுவனில் அமுங்கும் பகுதி 19 மி.மீ. மட்டுமே, அதனால் பெட்டி எந்த வடிவமாக இருந்தாலும் கணக்கில் தெரியாது. குண்டில் அது 90 மி.மீ. அங்கே தெரியும்.

குண்டு எப்படி உடைந்தான்? 150 வரை அடியில் நூல் மாதிரி சில விரிசல்கள், அவ்வளவுதான். 180ல்கூடப் பார்க்க அழகாக நின்றான். சார் எல்லோரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போகச் சொன்னார். 200 பக்கத்தில் ஒரு சத்தம். மேல் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறித்து வலையில் அடித்தது. விரிசல் அகலமாகவில்லை, இறங்கவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. நடுவனை விட மூன்று மடங்கு தாங்கினான், ஆனால் போகிறேன் என்று சொல்லாமல் போனான். கம்பி ஈல்டு ஆகவே இல்லை.

கடைசியில் ஒல்லி. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஐ.எஸ். 456 (2000) சொல்லும் குறைந்தபட்சக் கம்பி எவ்வளவு என்று இந்த அளவுக்குப் போட்டால் 43 சதுர மில்லிமீட்டர். ஒல்லியில் இருந்தது 56. அப்படியானால் விதிப்படி பாஸ். ஆனால் அந்தச் சூத்திரத்தில் கம்பியின் வலிமை மட்டும்தான் இருக்கிறது, கான்கிரீட்டின் வலிமை கிடையாது. கணக்குப் போட்டால், விரிசலே விழாத எம்80 பீம் சுமார் 21 கிலோநியூட்டன் வரை தானாகவே தாங்கும். விரிசல் விழுந்த பிறகு இரண்டு 6 மி.மீ. கம்பியால் 17தான் தாங்க முடியும். அப்படியானால் முதல் விரிசல்தான் கடைசி விரிசல். நடுவில் ஒரே ஒரு கோடு, பட்டென்று இரண்டு துண்டு. சாக்பீஸை உடைத்த மாதிரி.

அதே கம்பியை எம்20ல் போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. அங்கே விரிசல் விழுவது பத்து, பதினொன்றில், கம்பி பதினாறு வரை தாங்கும். கான்கிரீட்டை உயர்த்தியதால் அதே கம்பி போதாமல் போய்விட்டது! அமெரிக்க, ஐரோப்பிய நூல்களின் குறைந்தபட்சக் கம்பிச் சூத்திரங்களில் கான்கிரீட் வலிமையும் சேர்ந்திருப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நெட்வொர்க் நண்பன்

இன்னொரு டீமில் இருக்கும் நண்பன் இதையே நியூரல் நெட்வொர்க்கில் செய்கிறான். இந்த வழக்கம் புதிதல்ல. அதிசெயல் கான்கிரீட்டின் அமுக்க வலிமையை நெட்வொர்க் வைத்துக் கணித்து 1998லேயே தைவானின் யே ஒரு கட்டுரை எழுதினார். அவர் சேர்த்த 1030 கலவைகளின் அட்டவணையை இன்றைக்கும் பாதி உலகம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. கலவையிலிருந்து கட்டியின் வலிமையைச் சொல்லக் கையடக்கமான சூத்திரம் கிடையாது, அங்கே இது நல்ல வழி.

பீமில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். பழைய சோதனைகளைத் திரட்டினால் பெரும்பாலும் நடுவன் வகைப் பீம்கள்தான் மாட்டும். ஏனென்றால் எல்லோரும் விதிப்படி செய்த பீம்களையே உடைக்கிறார்கள். அங்கே விடை கம்பியின் இழுவை பெருக்கல் தூரம், அதை எந்த நெட்வொர்க்கும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு 98 சதவீதம் பொருத்தம் என்று மார்தட்டும். ஒல்லியும் குண்டும் தரவில் இல்லாவிட்டால் அந்த ஓரங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முக்கியமாக, அது எழுதுவது சாருடைய சீட்டில் முதல் வரியை மட்டும். "ரெண்டாவது வரிக்கும் ஒரு அவுட்புட் வச்சுப் பழக்கு" என்று நண்பனிடம் சொல்லியிருக்கிறேன், முயற்சி செய்துகொண்டிருக்கிறான்.

மாமாவின் பால்கனி

இதெல்லாம் லேப் விஷயம் என்று நினைத்திருந்தேன், பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வரை. எங்கள் பெரிய மாமா முப்பது வருஷமாகக் கொத்தனார். இப்போது சொந்தமாக மாடி எடுக்கிறார். முன்பக்கம் பால்கனி. அதைத் தாங்க சுவரிலிருந்து நீட்டுகிற பீம், அதே கலிலியோவின் கட்டை. இன்ஜினியர் வரைபடத்தில் 230க்கு 300 மி.மீ. பீம், மேல் பக்கம் இரண்டு 16 மி.மீ. கம்பி. (நீட்டுகிற பீமில் இழுபடுவது மேல் பக்கம், அதனால் கம்பி மேலே.)

"மாப்ள, ரெண்டு கம்பி பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. நாலாப் போட்டுருவோம். கம்பி கூடுனா நல்லதுதானே?"

"சுமை கூடத் தாங்கும் மாமா. ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?"

மாமா சொன்னதில் பாதி சரி. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. சிமெண்ட் பை அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். கான்கிரீட் உண்மையிலேயே எம்20ஆக இருந்தால், இரண்டு கம்பிக்கு வலிமை 45 கிலோநியூட்டன் மீட்டர், நாலு கம்பிக்கு 75. ஆனால் நாலு போட்டால் அந்தப் பீம் குண்டு ஆகிவிடுகிறது. கம்பி ஈல்டு ஆகும் முன்பே கீழே கான்கிரீட் நொறுங்கும்.

"அதான் எழுபத்தஞ்சு தாங்குதுல்ல. அவ்வளவு பாரம் யாரு ஏத்தப் போறா?"

சரியான கேள்வி. அதற்கும் பதில் கணக்கில் இருந்தது. "மாமா, மிக்சர்ல ரெண்டு வாளித் தண்ணி கூட ஊத்திட்டாங்கன்னு வைங்க. இருபது பன்னெண்டாப் போச்சுன்னு வைங்க." அப்போது இரண்டு கம்பிப் பீம் 45லிருந்து 41க்கு இறங்கும். நாலு கம்பிப் பீம் 75லிருந்து 49க்கு. இரண்டு கம்பிக்கும் நாலு கம்பிக்கும் இடையில் வெறும் எட்டுதான் மிச்சம். இரண்டு கம்பி போட்டால் பீமின் விதி ஃபேக்டரியில் செய்த கம்பியின் கையில். நாலு போட்டால் அது அன்றைக்கு மிக்சர் பக்கத்தில் நிற்கிறவர் கையில். அதோடு, இரண்டு கம்பிப் பீம் விழுவதற்கு முன் மேலே விரிசல் விட்டு, நுனி தொங்கி, காட்டிக்கொடுக்கும். பால்கனிக்கு அடியில்தானே அத்தை கோலம் போடுவார்கள்? (கீழ்ப் பக்கத்திலும் நல்ல கம்பி போட்டால் கொஞ்சம் உதவும் என்பதையும் சொன்னேன்.)

மாமா கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். "சரி, கான்கிரீட்டையாவது ஒசத்திப் போடலாமா? நீ செய்யற அந்த எண்பது?"

எண்பது போட்டால் 45 என்பது சுமார் 50 ஆகும், அவ்வளவுதான். அதே பீமில், கான்கிரீட் போடும்போது ஆட்கள் ஏறி மிதித்து மேல் கம்பி 50 மி.மீ. கீழே இறங்கிவிட்டால் 45 என்பது 35 ஆகிவிடும். கான்கிரீட்டை நாலு மடங்காக்கிக் கிடைப்பதைப் போல இரு மடங்கு, ஒரு செருப்புக் காலில் போய்விடும்.

இதைக் கேட்டதும்தான் மாமா நிமிர்ந்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு கணக்கு எதுக்கு? சன்ஷேடு எத்தனை தொங்குனதப் பாத்திருக்கேன். எல்லாம் மிதிச்சதுதான்" என்றார். விதிநூல் படிக்காத மனிதர், எந்த எண் முக்கியம் என்பது அவருக்கு முப்பது வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் முடிவானது இது. கம்பி வரைபடத்தில் உள்ளபடி இரண்டே. மேல் கம்பி இறங்காமல் நிற்க அடியில் நெருக்கமாகச் சேர் கம்பி. நடப்பதற்குப் பலகை. தண்ணீர் வாளிக் கணக்கு, மாமாவே மிக்சர் பக்கத்தில் நிற்பார். மிச்சமான கம்பிக் காசு ஜன்னல் கிரில்லுக்கு. வரைபடத்தில் வேறு ஏதாவது மாற்றம் வேண்டுமானால் இன்ஜினியரிடம் கேட்டுத்தான் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். மாசி மாதம் கான்கிரீட் போட்டார்கள். அன்றைக்கு எனக்கு மாடல் எக்ஸாம். சாயங்காலம் போனில் மாமா சொன்னது ஒரே விஷயம்: "ஒரு பய கம்பி மேல கால் வைக்கல மாப்ள."

அடுத்த வாரம் வைவா. முதல் வரி பற்றித்தான் நிறையக் கேட்பார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். யாராவது இரண்டாவது வரியைக் கேட்டால் நன்றாக இருக்கும்.

டிஸ்கி 1: மேலே உள்ள எண்கள் எல்லாம் பாதுகாப்புக் காரணிகள் இல்லாமல், உடைத்துப் பார்ப்பதற்காகப் போட்டவை. இதை வைத்து வீடு கட்டாதீர்கள். அதற்கு முறைப்படி ஒரு இன்ஜினியரைப் பாருங்கள்.

டிஸ்கி 2: குண்டின் உடைந்த துண்டு ஒன்று என் ஹாஸ்டல் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. ஜல்லி எப்படிப் பிளந்திருக்கிறது என்று பார்க்க விரும்பும் வகுப்புத் தோழர்கள் வரலாம். டீ உங்கள் செலவு :-)